ஆதிக் கிறித்தவ ஆய்வுத் துறையில் நுழைய விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

கி.பி. 50ஆம் ஆண்டை ஒட்டிப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் தொடங்கி ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு வரை, உரோமைப் பேரரசிலும் அதன் கிழக்கு எல்லைக்கு அப்பாலும் வாழ்ந்த கிறித்தவர்கள் எழுதியவற்றையும், அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியவற்றையும், அவர்கள் விட்டுச்சென்ற கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் படித்து, அவை எக்காலத்தில், எவரால், எதற்காக உருவாயின என்று ஆராய்வதே ஆதிக் கிறித்தவ ஆய்வாளரின் தொழில். இத்துறையில் இருப்பதாகச் சொன்னால் நம் ஊரில் பெரும்பாலோர், "அப்படியானால் நீங்கள் போதகரா?" என்றுதான் கேட்பார்கள். போதகர்களும் இத்துறையில் உண்டு. துறவியரும் யூதரும் எச்சமயத்தையும் சாராதவரும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் பொதுவானது, மூல நூல்களை அவை எழுதப்பட்ட மொழியிலேயே படிக்கும் பயிற்சி ஒன்றுதான். புதிதாக வருவோர் பல்கலைக்கழகம் எது, உதவித்தொகை எவ்வளவு என்ற கேள்விகளோடு வருகிறார்கள். அவை தேவையான கேள்விகளே என்றாலும் வரிசையில் பின்னால் வருபவை. மொழி முதலில், ஆய்வுக் கேள்வி அடுத்து, பட்டம் அதற்கும் பிறகு என்ற ஒழுங்கிலேயே இக்கட்டுரை செல்கிறது.

மொழியிலிருந்து தொடங்குதல்

முதலில் கற்க வேண்டியது கிரேக்கம். புதிய ஏற்பாடு முழுவதும், அதை அடுத்து வந்த இரு நூற்றாண்டுகளின் கிறித்தவ எழுத்துகளில் பெரும்பகுதியும் அம்மொழியில் எழுந்தவை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் கொய்னே எனப்படும் பொதுவழக்கு. ஏறத்தாழ 1,38,000 சொற்கள் கொண்ட அந்நூலில் வரும் தனிச்சொற்கள் சுமார் 5,400 மட்டுமே. அவற்றிலும் ஐம்பது முறையோ அதற்கு மேலோ வரும் முந்நூற்றுச் சொச்சம் சொற்களைக் கற்றுவிட்டால், ஒரு பக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தெரிந்த சொற்களாகிவிடும். தமிழ் இலக்கணத்தில் எட்டு வேற்றுமைகளைப் பார்த்தவருக்குக் கிரேக்கத்தின் ஐந்து வேற்றுமைகள் அச்சமூட்டா. சொற்கள் இடம் மாறி நின்றாலும் உருபு பொருளைக் காத்து நிற்பது நமக்குப் பழகிய செய்தியே. தொல்லை தருவது வினைச்சொல். செய்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் நடுவே நிற்கும் ஒரு வினைவகை அம்மொழியில் உண்டு. வடிவங்களும் மிகப் பல. நாள்தோறும் ஒரு மணிநேரம் தவறாமல் ஒதுக்குபவர் ஓராண்டில் யோவான் நற்செய்தியை அகராதித் துணையோடு படித்துவிடலாம். யோவானின் சொற்கள் எளியவை, தொடர்கள் குறுகியவை. லூக்காவின் முன்னுரையையும் எபிரேயருக்கு எழுதிய நிருபத்தையும் இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்குவது நல்லது.

இவ்விடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் மட்டும் கற்றவர், பிற்காலத் திருச்சபை எழுத்தாளர்களான அலெக்சாந்திரியாவின் கிளெமெந்தையோ நசியான்சுவின் கிரகோரியையோ திறந்தால், கற்றதெல்லாம் மறந்துவிட்டதோ என்று திகைப்பார். அவர்கள் ஹோமரையும் பிளேட்டோவையும் மனப்பாடமாக வைத்திருந்த பள்ளிகளில் பயின்றவர்கள். அவர்களுடைய நடை ஏதென்சு நகரின் பழைய அட்டிக் வழக்கை ஒட்டியது. நானே கொய்னேயை மட்டும் நம்பி இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, கிளெமெந்தின் ஒரே பக்கத்தில் மூன்று நாள் தவித்தபோதுதான் இதை உணர்ந்தேன். ஆகவே தொடக்கத்திலிருந்தே செனஃபோன், பிளேட்டோ ஆகியோரின் எளிய பகுதிகளையும் சேர்த்துப் படித்து வருவது பின்னால் வரும் துன்பத்தைப் பெரிதும் குறைக்கும்.

இரண்டாவது மொழி இலத்தீன். தெர்த்துல்லியன், சிப்ரியன், ஜெரோம், அகஸ்டின் ஆகியோருக்கு அது வேண்டும். கிரேக்க நூல்களுக்கும் அது வேண்டியிருக்கும் என்பதே பலர் அறியாதது. லியோன் நகரத்து ஆயர் இரேனேயு கி.பி. 180ஐ ஒட்டி மாற்றுக் கொள்கைகளை மறுத்து எழுதிய பெரிய நூல் கிரேக்கத்தில் இயற்றப்பட்டது. இன்று முழுமையாகக் கிடைப்பதோ அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பு. அவருடைய மற்றொரு சிறுநூல் முழுமையாகக் கிடைப்பது ஆர்மேனிய மொழியில்தான். அந்த ஏடு 1904இல்தான் கண்டெடுக்கப்பட்டது. மூன்றாவது மொழியை உங்கள் ஆய்வுக் கேள்வி தீர்மானிக்கும். எகிப்தியத் துறவியரைப் படிப்பவருக்குக் கோப்டிக்கும், ஏனோக்கின் நூல் என்னும் பழைய யூத நூலைப் படிப்பவருக்குக் கீயெஸ் எனப்படும் பழைய எத்தியோப்பிய மொழியும், சிரியாக் கவிஞர் எஃப்ரேமைப் படிப்பவருக்கு அரமேயத்தின் கிளைமொழியான சிரியாக்கும் இன்றியமையாதவை. தோமா இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்லும் "தோமாவின் பணிகள்" மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் வழங்கிய, இன்றைய தென்கிழக்குத் துருக்கியிலுள்ள எதேசா வட்டாரத்தில் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இம்மொழியைக் கற்கத் தமிழ்நாட்டு மாணவர் ஐரோப்பா செல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் கோட்டயத்திலுள்ள புனித எஃப்ரேம் கிறித்தவ ஒன்றிப்பு ஆய்வு நிறுவனம் அதற்கென்றே 1985இல் தொடங்கப்பட்டது. இவற்றோடு, ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் அளவுக்கு ஜெர்மனும் பிரெஞ்சும் வேண்டும். பேசத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை.

வயது கடந்துவிட்டதே என்று தயங்குவோருக்கு ஆக்னஸ் சுமித் லூயிஸ், மார்கரெட் டன்லப் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரியரின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். ஸ்காட்லாந்தில் 1843இல் பிறந்த இவ்விருவரிடமும் பல்கலைக்கழகத்தில் படித்துப் பெற்ற பட்டம் ஏதும் இல்லை; அவர்கள் வாழ்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியதே 1948இல்தான். நாற்பதுகளின் இறுதியில் ஆக்னஸ் சிரியாக் கற்றார். இருவரும் ஏடுகளைப் படமெடுக்கவும் பழகிக்கொண்டார்கள். 1892இல் சீனாய் மலையடிவாரத்திலுள்ள புனித கத்தரீனா மடத்துக்குச் சென்று, பெண் புனிதர்களின் வரலாறு எழுதப்பட்ட ஒரு தோல் ஏட்டின் அடியில், அழிக்கப்பட்டும் மங்கலாகத் தெரிந்த பழைய எழுத்து நற்செய்தி என்பதைக் கண்டறிந்தார்கள். நான்கு நற்செய்திகளின் மிகப் பழைய சிரியாக் மொழிபெயர்ப்புகளில் ஒன்று அது. அந்த ஏடு அதற்கு முன்பும் அங்கேதான் கிடந்தது. மடத்துத் துறவியரோடு அவர்களுடைய கிரேக்கத்திலேயே பேசவும், ஏட்டின் எழுத்தைப் படிக்கவும் தெரிந்தவர் வந்ததால்தான் அது வெளிப்பட்டது.

ஒரு சிறுநூலை முழுவதும் படித்தல்

கிரேக்கம் ஓரளவு பிடிபட்டதும், புதிய ஏற்பாட்டுக்கு வெளியே ஒரு நூலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டும். இதற்கு நான் பரிந்துரைப்பது "திதாக்கே" எனப்படும் பன்னிரு திருத்தூதர் போதனை. பதினாறு சிறு அதிகாரங்களே கொண்டது, மொழி எளியது, ஆனால் இத்துறையின் சிக்கல்கள் அனைத்தும் அதற்குள் இருக்கின்றன. திருமுழுக்குக்கு ஓடும் நீர் வேண்டும், அது இல்லையேல் வேறு நீர் போதும், அதுவும் இல்லையேல் தலையில் மும்முறை ஊற்றலாம் என்று அது சொல்கிறது. ஊர் ஊராகச் செல்லும் தூதர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி என்கிறது. விருந்தினரைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகச் சட்டம் போட்ட சமூகம் எத்தகைய அனுபவங்களைக் கண்டிருக்கும் என்று சிரித்துக்கொண்டே கேட்கத் தொடங்கும்போது நீங்கள் ஆய்வாளராகத் தொடங்கிவிட்டீர்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது, இந்நூல் நம் கைக்கு எப்படி வந்தது என்பது. பழைய ஆசிரியர்கள் பெயரளவில் குறிப்பிட்ட இந்நூலின் முழுப் பிரதியைக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்த ஒரு நூலகத்தில் ஃபிலொத்தேயோஸ் பிரியென்னியோஸ் என்னும் கிரேக்க ஆயர் 1873இல் கண்டு 1883இல் பதிப்பித்தார். அந்த ஏடு படியெடுக்கப்பட்டது 1056இல். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்ததாகப் பலரும் கருதும் ஒரு நூலுக்கு முழுமையான கிரேக்கச் சான்றாக இருப்பது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்திய ஒற்றைப் படி என்றால், இடைக்காலத்தில் என்னென்ன மாறியிருக்கும், எதைக் கொண்டு அதைச் சோதிப்பது, சிரியாவில் எழுந்ததா எகிப்தில் எழுந்ததா என்பதை எவ்வாறு முடிவு செய்வது என்ற கேள்விகள் தாமே எழும். இவ்வினாக்களுக்கு வெவ்வேறு ஆய்வாளர் அளித்துள்ள விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொருவரும் எந்தச் சான்றை மேலாக வைக்கிறார் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பதிப்புகளையும் ஏடுகளையும் பழகுதல்

ஓலைச்சுவடியிலிருந்து நூல் பதிப்பித்த மரபை அறிந்த தமிழ் வாசகருக்குப் பாட வேறுபாடு, மூலபாடம் என்ற சொற்களுக்கு விளக்கம் தேவையில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் படிகள் 5,000க்கும் மேல் பட்டியலிடப்பட்டுள்ளன. எபர்ஹார்ட் நெஸ்லே 1898இல் தொடங்கிய பதிப்பின் 28ஆம் பதிப்பு 2012இல் வந்தது; அதன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எந்தப் படியில் எந்தப் பாடம் உள்ளது என்பது குறியீடுகளால் தரப்பட்டிருக்கும். அக்குறியீடுகளைப் படிக்கக் கற்பதே மாணவரின் முதல் தொழிற்பயிற்சி. மாற்கு நற்செய்தியின் இறுதிப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், 16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் சீனாய்ப் படி, வாட்டிகன் படி ஆகிய இரு பெரும் நான்காம் நூற்றாண்டுப் படிகளில் இல்லை என்பது தெரியவரும். சீனாய்ப் படியின் ஏடுகள் இன்று லண்டன், லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் மடம் ஆகிய நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஆனால் 2009 முதல் அவற்றை இணையத்தில் ஒருசேரக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை நேரில் பார்ப்பது பத்து நூல்கள் படிப்பதற்குச் சமம்.

திருச்சபைத் தந்தையர் எனப்படும் தொடக்க நூற்றாண்டு இறையியலாளரின் நூல்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ழாக்-போல் மீஞ் என்னும் பிரெஞ்சுக் குரு வெளியிட்ட தொகுதிகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை பழைய பதிப்புகளை மறு அச்சிட்டவை. தேடிப் பார்க்க நல்லவை, மேற்கோள் காட்டக் கடைசி வழி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் தொடங்கிய "கிறித்தவ மூலங்கள்" என்னும் வரிசையில் மூலமும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். பிரெஞ்சு கற்பதற்கும் அதைவிடச் சிறந்த பாடநூலை நான் கண்டதில்லை.

ஏட்டைப் பற்றிப் பேசும்போது போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012இல் உரோமையில் நடந்த கோப்டிக் மாநாடு ஒன்றில், இயேசு "என் மனைவி" என்று சொல்வதாக அமைந்த ஒரு சிறு பாப்பிரஸ் (பழைய நாணல் தாள்) துண்டு அறிவிக்கப்பட்டு உலகெங்கும் செய்தியானது. புதிய ஏற்பாட்டில் சேராத கோப்டிக் நூலான தோமா நற்செய்தியின் இணையப் பதிப்பு ஒன்றிலிருந்த அச்சுப்பிழை கூட அத்துண்டில் அப்படியே இருப்பதைச் சிலர் காட்டினார்கள். 2016இல் அது வந்த வழி துலக்கப்பட்டபின், அறிவித்த பேராசிரியரே அது போலியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று ஒப்புக்கொண்டார். எந்தத் துண்டு காட்டப்பட்டாலும், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு முன் எங்கிருந்து, எவர் கையிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வியைச் சுருக்குதல்

புதிதாக வருபவரின் ஆய்வுத் தலைப்பு பெரும்பாலும் "ஆதித் திருச்சபையில் பெண்கள்" என்ற அளவில் இருக்கும். அது தலைப்பன்று, ஒரு நூலகம். அதைச் சுருக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். கி.பி. 112ஐ ஒட்டி, இன்றைய வட துருக்கியிலுள்ள பித்தினியா-பொந்து மாநிலத்தின் ஆளுநராயிருந்த பிளினி, கிறித்தவர்களை விசாரித்த செய்தியைப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், "மினிஸ்த்ரே" என்று அழைக்கப்பட்ட இரு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்ததாகச் சொல்கிறார். பணிப்பெண் என்று பொருள்படும் அந்த இலத்தீன் சொல், கிறித்தவர்கள் வழங்கிய "தியாகொனோஸ்" என்னும் கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பா? அப்படியானால் அது ஒரு பதவியின் பெயரா, பொதுவாக ஊழியம் செய்பவரைக் குறித்ததா? அடிமை ஒருவர் சபையில் பொறுப்பு வகித்தார் என்றால், அவருடைய உரிமையாளர் சபைக்குள் இருந்தாரா, வெளியே இருந்தாரா?

அதே கிரேக்கச் சொல்லைப் பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத் தொடக்கத்தில் கெங்கிரேயா ஊர்ச் சபையின் பெபேயாளுக்குச் சூட்டுகிறார். பலரும் பழகிய தமிழ் வேதாகமம் அவரை "ஊழியக்காரி" என்கிறது. அதே சொல் பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தில் ஆண்களுக்கு வந்ததாகக் கொள்ளப்படும் இடத்தில் "உதவிக்காரர்" என்ற பதவிப் பெயராகிறது. ஒரே கிரேக்கச் சொல் இரண்டு தமிழ்ச் சொற்களாகப் பிரிந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒரு வரலாற்று முடிவை எடுத்துவிட்டார் என்பதை மூலத்தைத் திறக்காதவர் அறிய வழியில்லை. "முதல் இரு நூற்றாண்டுகளில் சிற்றாசியாவில் பெண்களைக் குறித்து வரும் பணிப்பெயர்கள்" என்று இப்போது தலைப்பைச் சுருக்கினால், படிக்க வேண்டிய மூலங்களின் பட்டியல் ஒரு மேசையில் அடங்கும். அவ்வாறு அடங்கும் தலைப்பே முனைவர் பட்டத்துக்கு ஏற்றது.

எங்கே, எந்தப் பட்டம்

இத்துறைக்கு ஒரே வாசல் இல்லை. இறையியல், சமயவியல், செவ்வியல் மொழிகள், பண்டைய வரலாறு ஆகிய நான்கு துறைகளின் வழியாகவும் ஆய்வாளர்கள் வருகிறார்கள். இந்தியாவில் கிரேக்கமும் எபிரேயமும் கற்க எளிய வழி இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்த இறையியல் கல்லூரிகளே. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், சென்னையிலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும் அவற்றுள் அடங்கும். அங்கு முதன்மை நோக்கம் சபைப் பணிக்கு ஆயத்தம் செய்வது என்பதை நினைவில் வைத்துச் சேர வேண்டும். வரலாறோ தத்துவமோ படித்துவிட்டுத் தனியே கிரேக்கம் கற்று, வெளிநாட்டு முதுகலைக்கு விண்ணப்பிப்பவர்களும் உண்டு.

முனைவர் பட்டத்தின் அமைப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். முதல் நாளிலிருந்தே ஆய்வேடுதான், ஆகவே மொழிகளை முடித்துக்கொண்டு செல்ல வேண்டும். அமெரிக்காவில் பாடவகுப்புகளும் தகுதித் தேர்வுகளும் ஜெர்மன், பிரெஞ்சுத் தேர்வுகளும் முதலில் வரும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். முன்னணிப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணத்தை நீக்கி உதவித்தொகையும் தருவார்கள். ஜெர்மனியில் இறையியல் துறைகள் புராட்டஸ்டன்ட் துறை, கத்தோலிக்கத் துறை என்று பிரிந்தவை. பேராசிரியர் நியமனத்தில் திருச்சபைக்கும் சொல் உண்டு. கோட்டிங்கனில் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியராயிருந்த கெர்ட் லூடெமன் கிறித்தவ நம்பிக்கையைக் கைவிட்டதாக அறிவித்தபின் அவருடைய பதவிப் பொறுப்பு மாற்றப்பட்டது. அம்மாற்றம் செல்லும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. கிறித்தவர் அல்லாத தமிழ் மாணவர்கள் அங்கே செவ்வியல் மொழித் துறையையோ பண்டைய வரலாற்றுத் துறையையோ நாடுவது நடைமுறைக்கு ஏற்றது.

நெறியாளருக்கு எழுதும் முதல் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படக் கூடாது. எந்த மூலங்களை எந்த மொழியில் படித்திருக்கிறீர்கள், உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்த ஆய்வோடு அது தொடர்புடையது என்ற மூன்றும் இருந்தால் போதும். சிறுவயது முதலே வேதாகமத்தின் மீது கொண்ட ஆர்வத்தை விவரிக்கும் பத்தியை எடுத்துவிடலாம். உதவித்தொகை இல்லாமல், கடன் வாங்கி முனைவர் பட்டம் படிக்கச் செல்ல வேண்டாம். இதில் எனக்கு ஐயமே இல்லை.

மாநாடு, கட்டுரை, வேலை

ஆக்ஸ்ஃபோர்டில் 1951இல் தொடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் திருச்சபைத் தந்தையர் ஆய்வு மாநாடும், 1880இல் தோன்றிய அமெரிக்க விவிலிய இலக்கியக் கழகத்தின் ஆண்டுக் கூட்டமும் மாணவர்களையும் கட்டுரை வாசிக்க ஏற்கின்றன. வாசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. ஒரு பத்தி மூலத்தை எடுத்துக்கொண்டு அதைப் புதிதாக விளக்கும் கட்டுரையே எடுபடும். பின்னர் அதை விரித்து ஆய்விதழுக்கு அனுப்பலாம். மதிப்பீட்டாளரின் மறுப்புக் கடிதம் வந்தால் இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு மூன்றாம் நாள் படியுங்கள். கடுமையாக எழுதுபவர்களிடமிருந்தே பயனுள்ள திருத்தங்கள் வருகின்றன.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றன. பட்டம் பெற்றவர்களில் பலர் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் ஊர் மாறி ஊர் செல்கிறார்கள். திதாக்கேயின் தூதர்களைப் போலத்தான் என்று எங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆகவே பட்டம் முடிந்தபின் எத்தனை ஆண்டுகள் இவ்வாறு தேடுவது என்பதை, முடிப்பதற்கு முன்பே குடும்பத்தாரோடு பேசி ஒரு தேதியாகக் குறித்துவிடுங்கள். மற்ற வழிகளும் உண்டு: புதிய ஏற்பாட்டுப் படிகளை ஆராயும் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நிறுவனம் போன்ற பதிப்புத் திட்டங்கள், சுவடி நூலகங்கள், கல்விசார் பதிப்பகங்கள், கேரளத்துச் சிரியாக் ஏடுகள் உள்ளிட்டவற்றை மின்படமாக்கும் அமெரிக்காவின் ஹில் அருங்காட்சியகச் சுவடி நூலகம் போன்ற அமைப்புகள். இவற்றுக்குப் பழைய எழுத்துமுறைகளைப் படித்தல், ஏட்டு விவரப்பட்டியல் தயாரித்தல், மூலபாடத்தைக் கணினிக் குறியீடுகளோடு உள்ளிடுதல் ஆகிய திறன்கள் தேவை. ஆய்வேட்டுக் காலத்தின் கடைசி ஆண்டில் இவற்றைக் கற்க நேரம் கிடைக்காது. முதல் இரண்டு ஆண்டுகளின் கோடை விடுமுறைகளில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் சேர்ந்து முடித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் காலக்கெடு பெரும்பாலும் பனிக்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால் பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்கு அதற்கு ஆறு வாரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும்.